மணலே கவசம், நூலே ஆயுதம்! மறைமணல் கிராமத்து நிஞ்சா குலங்களைத் தெரியுமா?

கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாலைவனம். நடுவே கோட்டைபோல் எழுந்து நிற்கும் பாறைச் சுவர். அதைப் பிளந்துகொண்டு போகும் ஒரு குறுகிய வழி. அதன் வழியே உள்ளே போனால் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் தெரியுமா?

மணலையே கவசமாக உடுத்தியிருக்கும் ஒரு சிறுவன்! ஒரே வீச்சில் காட்டைச் சாய்த்துவிடும் ஒரு பெண்! பத்து விரல்களால் பத்துப் போர்வீரர்களை ஆட்டிவைக்கும் ஒரு பாட்டி! இதுதான் ‘நருட்டோ’ கதையில் வரும் சுனாககூரே. மணலுக்குள் மறைந்த நிஞ்சா கிராமம்!

15 வருடம் ஓடிய கதை!

இந்தக் கிராமத்தைப் படைத்தவர் யார் தெரியுமா? ஜப்பானிய ஓவியர் மசாஷி கிஷிமோட்டோ. 1999-ல் வார இதழில் தொடங்கிய ‘நருட்டோ’ படக்கதை, 2014-ல்தான் முடிந்தது. மொத்தம் 700 அத்தியாயங்கள்! 72 தொகுதிகள்! உலகம் முழுக்க விற்ற பிரதிகள் 25 கோடி!

தொலைக்காட்சித் தொடரின் கணக்கு இன்னும் பெரிது. முதல் தொடர் 220 பகுதிகள், அடுத்து வந்த ‘ஷிப்புடென்’ 500 பகுதிகள். ஆக மொத்தம் 720! நம் வீட்டுப் பிள்ளைகள் இதைத் தமிழ்க் குரலிலேயே பார்த்திருக்கிறார்கள். சோனி யே சேனலில் நருட்டோ தமிழ் பேசினான்!

நிஜ நிஞ்சாக்கள் பாலைவனத்தில் இருந்தார்களா?

இல்லவே இல்லை! வரலாற்றில் பேர்போன நிஞ்சா ஊர்கள் இகா, கோகா. இரண்டுமே பச்சைப் பசேல் மலை நாடு. அவர்களுடைய வித்தைகளைத் தொகுத்த ‘பான்சென்ஷூகாய்’ என்ற நூல் 1676-லேயே எழுதப்பட்டது. அந்த நிஞ்சாக்களைத்தான் கிஷிமோட்டோ தன் கற்பனையில் சுடுமணலில் கொண்டுபோய்க் குடிவைத்தார்!

ஜப்பானில் அவ்வளவு மணல் எங்கே என்கிறீர்களா? டொட்டோரி என்ற மாநிலத்தின் கடற்கரையில் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல்மேடுகள் இருக்கின்றன! சுற்றுலா வந்தவர்கள் அங்கே ஒட்டகச் சவாரிகூடப் போயிருக்கிறார்கள்! இன்னொன்று தெரியுமா? கிஷிமோட்டோ பிறந்த நாகி என்ற ஊர் ஒகாயாமா மாநிலத்தில் இருக்கிறது. அந்த ஊருக்கு வடக்கே நிற்கும் நாகி மலையைத் தாண்டினால், அந்தப் பக்கம் டொட்டோரி மாநிலம்!

பசுமைக்கு ஏங்கிய முதல் தலைவர்!

சுனாககூரே இருப்பது காற்று நாட்டில். ஐந்து பெரிய நிஞ்சா நாடுகளில் அதுவும் ஒன்று. கிராமத் தலைவருக்குக் காசகாகே என்று பட்டம். முதல் காசகாகே பெயர் ரேட்டோ.

ஐந்து கிராமத் தலைவர்களும் முதன்முறையாகக் கூடிய மாநாட்டில், பெரும் சக்திகொண்ட வால் மிருகங்களைப் பங்கிடும் பேச்சு வந்தது. மற்றவர்கள் எல்லாம் மிருகத்துக்குக் காத்திருக்க, ரேட்டோ என்ன கேட்டார் தெரியுமா? பயிர் விளையும் நிலமும் பணமும்! ஏன்? ஷுகாகு என்ற ஒற்றைவால் மிருகம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. இல்லாதது பசுமைதான்!

ஒரு போர் எதனால் மூண்டது தெரியுமா?

பணத்தட்டுப்பாட்டால்! காற்று நாட்டின் பிரபு, சொந்தக் கிராமத்து நிஞ்சாக்களுக்கு ஒதுக்கிய நிதியில் கைவைத்தார். போதாததற்கு, வேலைகளையும் பக்கத்து நாட்டு இலைக் கிராமமான கோனோஹாவுக்குக் கொடுத்தார்! வருமானம் போனது. படை சுருங்கியது. அந்தக் கோபம்தான் பின்னால் கோனோஹாமீதே படையெடுப்பாக வெடித்தது! ஆள் குறைந்தால், ஒரே ஆளைப் பேராயுதமாக்கினால் என்ன என்று யோசித்தார் நான்காம் காசகாகே ராசா. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது யாரைத் தெரியுமா? இன்னும் பிறக்காத தன் சொந்த மகனை!

தூங்கவே முடியாத குழந்தை!

அந்த மகன்தான் காரா. தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஷுகாகுவை அவனுக்குள் அடைத்துவிட்டார்கள்! அவன் பிறந்ததும் தாய் கருரா இறந்துபோனார். கண்ணயர்ந்தால் உள்ளே இருக்கும் மிருகம் அவன் மனத்தையே தின்றுவிடும்! அதனால் தூக்கமே கிடையாது. அவன் கண்ணைச் சுற்றி இருக்கும் கறுப்பு வளையத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அத்தனையும் விழித்தே கழித்த இரவுகள்!

நெற்றியில் ஓர் எழுத்து!

காராவுக்கு வயது ஆறு. ஊரே அவனைக் கண்டு ஓடியது. ஆசையாகப் பேசியவர் தாய்மாமன் யாஷமாரு ஒருவர்தான். ஓர் இரவு, முகத்தை மூடிக்கொண்டு அவனைக் கொல்ல வந்தது யார் தெரியுமா? அதே மாமன்! அனுப்பியது பெற்ற தகப்பன்! அன்றிரவு, மணலைக்கொண்டே தன் நெற்றியில் ‘அன்பு’ என்ற எழுத்தைக் கீறிக்கொண்டான் காரா. உலகமெங்கும் ரசிகர்கள் சட்டையிலும் தோளிலும் சுமந்து திரியும் அந்தச் சிவப்பு எழுத்து, ஆறு வயதுப் பிள்ளையின் காயம்!

தானே பாயும் மணல்!

காராவை நோக்கி ஒரு கத்தியை எறிந்தால் என்ன ஆகும்? அவன் விரலைக்கூட அசைக்க வேண்டாம். மணல் தானாக எழுந்து தடுக்கும்! முதுகில் சுமக்கும் பெரிய சுரைக்குடுவை? அதுவும் மணலால் செய்ததுதான்! மணல் போதவில்லையா? தரைக்கு அடியில் இருக்கும் பாறையை அரைத்துப் புதுமணல் தயாரிப்பான்! இதையும் தாண்டி வந்தால், தோலின்மேல் மெல்லிய மணல் கவசம் ஒன்று இருக்கும்!

97 நிமிடம்! வெறும் 97 நிமிடம்!

கோனோஹாவின் ‘மரண வனம்’ தேர்வு தெரியுமா? கொடிய மிருகங்கள் உலவும் காடு. எதிரி அணியிடமிருந்து சுருளைப் பறித்து, நடுக்காட்டுக் கோபுரத்தை அடைய வேண்டும். அவகாசம் ஐந்து நாள், அதாவது 120 மணி நேரம்! காரா, அக்கா டெமாரி, அண்ணன் கங்குரோ மூவரும் எடுத்துக்கொண்டது 97 நிமிடம்! பழைய சாதனையைவிட நான்கு மணி நேரத்துக்கும் மேல் குறைவு! அதைவிட ஆச்சரியம், காராவின் உடையில் ஒரு துளி அழுக்குகூட இல்லை!

பொம்மை எது? ஆள் எது?

அதே தேர்வில் கங்குரோவின் சண்டை. உடம்பைக் கயிறாக முறுக்கும் மிசுமி என்ற எதிரி, அவன் கழுத்தைச் சுற்றி வளைத்து நெரிக்கிறான். ‘மடக்’கென்று கழுத்து முறிகிறது! கதை முடிந்ததா? இல்லை! முறிந்த தலை அப்படியே திரும்பிப் பார்க்கிறது. தோல் உதிர்கிறது. உள்ளே மரம்! இதுவரை சண்டை போட்டது பொம்மை! அப்படியென்றால் கங்குரோ எங்கே? முதுகில் துணி சுற்றி மூட்டையாகக் கிடந்ததே, அதற்குள்! மூட்டை அவிழ்கிறது, ஒரு கை வெளியே வருகிறது, விரல் நுனிகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, சக்ரா என்ற உள்சக்தியாலான நூல்கள்!

மூன்று பேர், ஒரு பொம்மை!

இந்த வித்தைக்கு நிஜத்தில் ஒரு தாய்வீடு உண்டு தெரியுமா? ஜப்பானின் புன்ராகு பொம்மலாட்டம்! ஒசாகாவில் 1984 முதல் இதற்கென்றே தேசிய அரங்கம் இருக்கிறது. 2008-ல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டுப் பட்டியலிலும் ஏறியது! இதில் ஒரே ஒரு பொம்மையை ஆட்ட மூன்று பேர் வேண்டும். தலையும் வலக்கையும் ஒருவருக்கு, இடக்கை இன்னொருவருக்கு, கால்கள் மூன்றாமவருக்கு! துணைக்கு ஆட்டும் இருவரும் அணிவது தலை முதல் கால் வரை கறுப்பு உடை. கங்குரோவின் கறுப்பு அங்கியும் முக்காடும் இப்போது புரிகிறதா?

பத்துக்கு ஒரு கோட்டை, நூறுக்கு ஒரு நாடு!

நிஜத்தில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர். சுனாககூரேவில் கணக்கே தலைகீழ்! சியோ பாட்டி தன் பத்து விரல்களால் பத்துப் பொம்மைகளை ஆட்டுவார். அந்தப் பத்தைக்கொண்டே ஒரு கோட்டையை வீழ்த்தியவர்! அவருடைய பேரன் சசோரி? ஒரே நேரத்தில் நூறு பொம்மைகள்! வீழ்த்தியது ஒரு நாட்டையே!

பாட்டியின் பத்துப் பொம்மைகளைச் செய்தவராகக் கதை சொல்லும் பெயர் என்ன தெரியுமா? சிகாமட்சு! 1653 முதல் 1725 வரை நிஜமாகவே வாழ்ந்த ஜப்பானின் மாபெரும் பொம்மலாட்ட நாடகாசிரியர் சிகாமட்சு மொன்சாயெமோன். அவருக்குக் கிஷிமோட்டோ செய்த மரியாதை இது!

298 மனிதப் பொம்மைகள்!

‘செம்மணல் சசோரி’ என்ற பெயரைக் கேட்டாலே பாலைவனம் நடுங்கும். ஏன் தெரியுமா? அவன் மரப்பொம்மைகளோடு நிற்கவில்லை, கொன்ற மனிதர்களின் உடலாலும் பொம்மை செய்தான்! எண்ணிக்கை 298! கடைசியில் தன் உடம்பையே பொம்மையாக மாற்றிக்கொண்டான்! வயது 35, முகமோ 15 வயதுப் பையனுடையது. உயிருள்ள சதை மிச்சம் இருந்தது மார்பில் ஓர் உருளைக்குள் மட்டும்!

அவன் முதன்முதலில் செய்த பொம்மைகள் எவை தெரியுமா? போரில் மாண்டுபோன அப்பாவும் அம்மாவும்! அணைத்துக்கொள்ள ஆளில்லாத சிறுவன், தன்னை அணைத்துக்கொள்ளவே அவற்றைச் செய்தான். இத்தனை கொடூரத்துக்கும் வேர், ஒரு பிள்ளையின் ஏக்கம்!

இரும்பு மணல், தங்க மணல்!

சுனாககூரே வரலாற்றிலேயே பலசாலி எனப் பெயரெடுத்தவர் மூன்றாம் காசகாகே. காந்தச் சக்தியால் இரும்பு மணலை ஆட்டிவைத்தவர்! நினைத்த மாத்திரத்தில் அது ஊசியாகும், வாளாகும், மலைபோன்ற கட்டியாகவும் மாறும்! ஒருநாள் அவர் மாயமாக மறைந்துபோனார். எங்கே போனார் தெரியுமா? சசோரியின் சேகரிப்பில் பொம்மையாக நின்றார்!

இரும்பு மணல் கற்பனை அல்ல! ஜப்பானிய வாள்களுக்கான எஃகு அதிலிருந்துதான் வருகிறது. ஷிமானே மாநிலத்தில் களிமண் உலையில் மூன்று பகல், மூன்று இரவு விடாமல் எரித்து உருக்குகிறார்கள்!

நான்காம் காசகாகே ராசாவின் ஆயுதம் தங்கத் துகள்! எதற்குத் தங்கம் என்கிறீர்களா? கனம்! ஒரு லிட்டர் அளவுள்ள தங்கக் கட்டி 19 கிலோவைத் தாண்டும். மணலின் முக்கியக் கனிமமான குவார்ட்ஸ், அதே அளவில் மூன்று கிலோகூட வராது! மணல் மிருகம் ஷுகாகு வெறிபிடித்து எழும்போதெல்லாம், தங்கத்தைப் போட்டு அழுத்தியே அடக்கினார் ராசா!

அந்த மிருகத்துக்கு ஒரு கோயிலா?

ஷுகாகுவின் உருவம் தனுகி என்ற நிஜமான விலங்கினுடையது. ஜப்பானியக் கதைகளில் உருமாறி ஏமாற்றும் குறும்புக்காரன்! குன்மா மாநிலத்தின் ததேபயாஷி ஊரில் மோரின்ஜி என்ற புத்தர் கோயில் இருக்கிறது. அங்கே வழங்கும் கதையில், எத்தனை பேருக்கு ஊற்றினாலும் வற்றாத தேநீர்க் கெண்டி ஒன்றை வைத்திருந்த துறவி வருகிறார். அவர் உண்மையில் ஒரு தனுகி! அவர் பெயர் என்ன தெரியுமா? ஷுகாகு! அந்தக் கெண்டியைக் கோயிலில் இன்றும் பாதுகாக்கிறார்கள். கோயிலுக்குப் போகும் பாதை நெடுகத் தனுகி சிலைகள்!

மூன்றாம் நிலவைப் பார்த்தால் தோல்வி!

டெமாரியின் ஆயுதம் ஆளுயர இரும்பு விசிறி! அதில் மூன்று வட்டங்கள். மூன்று நிலவும் தெரியும்படி விரித்தால் எதிரி அவ்வளவுதான்! கத்தி எறிவதில் கெட்டிக்காரியான டென்டென் வீசிய ஆயுதங்கள் அத்தனையையும் காற்றே திருப்பி அடித்தது!

அவள் ஏவும் கமாதாரி யார் தெரியுமா? நம் ஊர்க் கீரியின் சாயலில், கையில் அரிவாளோடு காற்றில் சுழன்று வரும் பிராணி! ஒரே சுழற்சியில் காடு மொட்டையாகிவிடும்! சூறைக்காற்றில் ஏறிவந்து, வலியே தெரியாமல் தோலைக் கிழித்துவிட்டுப் போகும் இப்படியொரு பிராணியைப் பற்றி ஜப்பானியக் கிராமங்களில் காலங்காலமாகக் கதை உண்டு!

இன்னொரு சங்கதி! தேர்வுச் சண்டையில் டெமாரியை மடக்கிவிட்டு, ஜெயிக்கும் நேரத்தில் ‘நான் தோற்றேன்’ என்று கையைத் தூக்கினான் கோனோஹா சிறுவன் ஷிகமாரு. பிற்பாடு அவளைக் கல்யாணம் செய்துகொண்டதும் அவனேதான்!

உடம்பின் ஈரத்தையே உறிஞ்சும் நெருப்பு!

பகுரா என்ற வீராங்கனையைத் தெரியுமா? அவர் ஏவும் தீக்கோளம் பட்டால், உடம்பில் இருக்கும் நீரெல்லாம் ஆவியாகிவிடும்! நொடியில் ஆள் காய்ந்த மம்மி! ஊர் கொண்டாடிய அந்த நாயகியை அதே ஊர் என்ன செய்தது தெரியுமா? எதிரிக் கிராமத்தோடு சமாதானம் பேச, அவர் உயிரையே விலையாகக் கொடுத்தது! எதிரி கையில் சிக்கவைத்துக் கொன்றுவிட்டார்கள்!

எதிரியைக் காப்பாற்ற வந்த மூவர்!

தேர்வில் கோனோஹா சிறுவன் ராக் லீயின் கையையும் காலையும் மணலால் நசுக்கியவன் காரா. கோனோஹாமீது படையெடுத்து வந்தவர்கள் இந்த மூன்று உடன்பிறப்புகள். அதன்பின் கோனோஹாவைச் சேர்ந்த கதாநாயகன் நருட்டோவிடம் தோற்றான் காரா. தன்னைப் போலவே உள்ளே ஒரு மிருகத்தைச் சுமந்தும், நண்பர்களுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த ஒருவனை முதன்முறையாகப் பார்த்தான்!

கொஞ்ச காலத்தில் கோனோஹா பிள்ளைகள் ஆபத்தில் சிக்கினார்கள். காப்பாற்ற வந்தது யார் தெரியுமா? அதே மூவர்! ஷிகமாருவுக்கு டெமாரி, கிபாவுக்குக் கங்குரோ. ராக் லீயைக் காத்தது, அவனை நசுக்கிய அதே காரா!

15 வயதில் காசகாகே!

ஊர் பயந்து ஒதுக்கிய பையன் 15 வயதில் ஊர்த் தலைவன்! வானிலிருந்து ஊரின்மேல் ராட்சத வெடிகுண்டைப் போட்டான் டெய்டாரா என்ற எதிரி. காரா என்ன செய்தான் தெரியுமா? பாலைவன மணலைத் திரட்டி ஊர் முழுவதற்கும் கூரை போட்டான்! ஊர் தப்பியது, அவன் பிடிபட்டான்.

துரத்திப்போன கங்குரோ எதிர்கொண்டது டெய்டாராவின் கூட்டாளியான சசோரியை. கங்குரோவின் பொம்மைகளைச் செய்தவனே அவன்தான்! மூன்றும் நொறுங்கின. மூன்றே நாளில் கொல்லும் நஞ்சு கங்குரோவின் உடம்பில். ஆனாலும் உடைந்து கிடந்த பொம்மையிடம் எதிரியின் துணிக்கிழிசல் ஒன்று சிக்கியிருந்தது. அந்த வாசனையைப் பிடித்துத்தான் மோப்ப நாய்கள் கிளம்பின! நஞ்சை முறிக்கக் கோனோஹாவின் மருத்துவ நிஞ்சா சகுரா தயாரித்த மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் வேலை செய்யும் தெரியுமா? மூன்றே நிமிடம்!

உயிரைக் கொடுத்த பாட்டி!

சியோ பாட்டிக்கு ஒரு விளையாட்டு உண்டு. செத்ததுபோல் அசையாமல் கிடந்து, தம்பி எபிசோ பதறும்போது கண்ணைத் திறந்து சிரிப்பார்! காரா தாயின் வயிற்றில் இருந்தபோது அவனுக்குள் மிருகத்தை அடைத்தவர் இதே பாட்டிதான். மிருகத்தை உருவியெடுத்த எதிரிகள் காராவைப் பிணமாகப் போட்டுவிட்டுப் போனார்கள். பேரன் சசோரியின் பொம்மைகளுக்கு உயிர் கொடுக்கவென்று தான் கண்டுபிடித்த வித்தையை அப்போது பாட்டி கையில் எடுத்தார். தன் உயிரை ஊற்றி காராவை எழுப்பினார்! கண்விழித்த காராவைச் சுற்றி, தலைவனைத் தேடி ஓடிவந்த ஊரே நின்றது!

80,000 பேருக்குத் தளபதி!

நான்காம் நிஞ்சா போர். ஐந்து நாட்டுப் படையும் சேர்ந்து 80,000 பேர்! நேற்றுவரை ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். அணிவகுப்பிலேயே கைகலப்பு! முன்னால் வந்து பேசிய தளபதி யார் தெரியுமா? காரா! இங்கே மணல் இல்லை, இலை இல்லை, பாறை இல்லை, எல்லாரும் நிஞ்சா மட்டுமே என்றான். 80,000 பேரும் ஒரே குரலில் முழங்கினார்கள்!

அதே போரில், இறந்துபோன தகப்பன் ராசா, எதிரிகளின் வித்தையால் எழுந்து எதிரில் வந்து நின்றார். மகனைத் தானாகக் காத்த மணல் யாருடையது என்ற உண்மை அப்போது தெரிந்தது. அது மிருகத்தின் சக்தி அல்ல, தாய் கருராவின் பாசம்! யாரும் தன்னை நேசிக்கவில்லை என்று காரா நினைத்த ஒவ்வொரு நாளும், தாயின் அன்புதான் அவனைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருந்தது!

அடுத்த தலைமுறை யார் தெரியுமா?

ஷின்கி! இரும்பு மணலை ஆடையாக உடுத்தும் சிறுவன். மூன்றாம் காசகாகேயோடு போய்விட்டது என்று நினைத்த அதே சக்தி! அவன் காராவின் மகன், பெற்ற மகன் அல்ல, தத்துப்பிள்ளை!

மகனை ஆயுதமாக்கிய ஊர் இது. நாயகியை விலைபேசிய ஊர், ஏங்கிய சிறுவனைக் கொலைகாரனாக வளரவிட்ட ஊர். அதே ஊரில், அன்பே கிடைக்காமல் வளர்ந்த ஒருவன் யாரோ பெற்ற பிள்ளைக்கு அப்பாவாகிவிட்டான்! மணலை ஆட்டலாம், பொம்மையை ஆட்டலாம், காற்றையும் ஆட்டலாம். ஓர் ஊரின் சுபாவத்தையே மாற்றிக் காட்டினானே, இதைவிடப் பெரிய நிஞ்சா வித்தை வேறு ஏதாவது உண்டா, சொல்லுங்கள்!